ஊதியமும் மறுப்பும்

ஆண்டுக்கு ஒரு முறை வரும் அப்ரைசல் கடிதத்தை மென்பொருள் துறையில் இருக்கும் நாம் யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. முதல் பத்தியின் பாராட்டைத் தாண்டிக் கண் நேராகச் சதவீதத்துக்குப் போகிறது. எட்டு என்றோ பதினொன்று என்றோ ஓர் எண். அதைப் பார்த்ததும் பக்கத்து இருக்கைக்காரருக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று மனம் ஊகிக்கிறது. அடுத்து, வெளியே போனால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறது. சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் கோவையின் சரவணம்பட்டியிலும் ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கானோர் போடும் மனக்கணக்கு இது. இதைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். உழைப்பவர் தன் உழைப்பின் விலையைக் கேட்பது அறத்துக்கு உட்பட்ட செயல். கூச்சத்தால் கேட்காமல் விடுபவரின் பணம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. அது வேறொருவர் கணக்கில் லாபமாகச் சேர்கிறது.

ஆனால் அந்த எண்ணிடம் நாம் விலையை மட்டும் கேட்பதில்லை. நான் எந்த அளவுக்குத் தேறினேன், என்னோடு படித்தவர்களில் எங்கே நிற்கிறேன், இத்தனை ஆண்டு உழைப்புக்கு ஏதேனும் பொருள் உண்டா என்றெல்லாம் கேட்கிறோம். ஒரு நிறுவனத்தின் பட்ஜெட் தாளில் பிறந்த எண், நம் வாழ்வைப் பற்றிய தீர்ப்பாக வீட்டுக்குள் நுழைகிறது. கல்யாண மண்டபத்தில் மாமா ஒருவர் "இப்ப பேக்கேஜ் எவ்வளவுப்பா?" என்று கேட்கும்போது சிலருக்குக் குரல் தாழ்வதும் சிலருக்கு உயர்வதும் இதனால்தான். கூடுதல் ஊதியத்தைத் தேடிப் புறப்படும் எவரும் நேர்முகத் தேர்வுக்குத் தயாராவதற்கு முன்பு இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறை யோசித்துப் பார்ப்பது நல்லது.

கல்லூரி வளாகத் தேர்வில் தரப்படும் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பொறியாளருக்கு ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்குச் சற்று மேல் தந்தன. பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் பெரும்பாலானோருக்கு அது மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. இடையில் விலைவாசி இரு மடங்கைத் தாண்டிவிட்டது. அதே நாற்காலியில் அன்று உட்கார்ந்த அண்ணன் தன் சம்பளத்தில் வாங்க முடிந்ததில் ஏறத்தாழப் பாதியைத்தான் இன்று சேரும் தம்பியால் வாங்க முடியும். தம்பி அறிவில் பாதியாகிவிட்டாரா? அண்ணன் வேலைக்குச் சேரும்போது கற்றிராத கிளவுடையும் கன்டெய்னரையும் கற்றுக்கொண்டுதான் அவர் வாசலுக்கு வருகிறார். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் பட்டத்தோடு வெளிவரும்போது, வாசலில் நிற்பவரின் தகுதியைவிட அவருக்குப் பின்னால் நிற்கும் வரிசையின் நீளம்தான் விலையைத் தீர்மானிக்கிறது.

வரிசையே இல்லாத இடத்திலும் விலை நேர்மையாக இருந்துவிடுவதில்லை. 2005 முதல் 2009 வரையிலான காலத்தில் கலிபோர்னியாவின் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி போன்ற நிறுவனங்கள், ஒருவரிடம் வேலை செய்யும் பொறியாளரை இன்னொருவர் அழைப்பதில்லை என்று தமக்குள் உடன்பாடு வைத்திருந்தன. தன் பொறியாளர் ஒருவரைக் கூகுளின் ஆள்சேர்ப்பு அலுவலர் தொடர்புகொண்டதை ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2007-ல் கூகுளின் எரிக் ஷ்மிட்டுக்குத் தெரிவித்தார். அந்த அலுவலரின் வேலை போயிற்று. 2010-ல் அமெரிக்க நீதித் துறை தலையிட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் சார்பில் நடந்த வழக்கு, 2015-ல் 41.5 கோடி டாலர் இழப்பீட்டோடு முடிந்தது. உலகின் தேர்ந்த பொறியாளர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் அவர்கள். வராத அழைப்புகளுக்குக் காரணம் தங்களுக்குத் தெரியாமல் நடந்த ஒரு பேச்சு என்பது அவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆண்டுகளில் தோன்றியிருக்கும்?

நமக்கே நடந்த ஒன்றும் உண்டு. பெருந்தொற்றின்போது உலகம் முழுவதும் கடைகளும் வங்கிகளும் அவசரமாக இணையத்துக்கு நகர்ந்தபோது ஆள் தேவை பெருகியது. கையில் மூன்று ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு நான்காவதுக்குப் பேரம் பேசியவர்களை அன்று எல்லாரும் பார்த்தோம். 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸ் அறிவித்த வெளியேறுவோர் விகிதம் 28.4 சதவீதம். சம்பளத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டு மாறியவர்கள் உண்டு. அடுத்த ஆண்டே காற்று நின்றது. ஆஃபர் வாங்கிய இறுதியாண்டு மாணவர்கள், சேரும் தேதி வராமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். மேலே போனபோது நம் அறிவு இரட்டிப்பாகவில்லை. நின்றபோது அது குறையவும் இல்லை. பருவம் மாறியது, அவ்வளவே. மேலே போனபோது பருவத்தைத் தன் திறமை என்று எடுத்துக்கொண்டவர், நின்றபோது அதைத் தன் தோல்வி என்றும் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. லேஆஃப் கடிதம் வந்த மறுநாளும் வழக்கமான நேரத்துக்குப் பையை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பி, பூங்காவிலோ நூலகத்திலோ உட்கார்ந்து மாலையில் திரும்பும் மனிதரின் வேதனையில் பண இழப்பின் பங்கு கொஞ்சம்தான்.

ஆகவே சந்தை தரும் எண்ணைச் சந்தையின் எண்ணாகவே பார்க்கப் பழகினால் கேட்பதும் எளிதாகிறது. தன்னைப் பற்றிய தீர்ப்பைக் கேட்க உட்காருபவர் பயந்துகொண்டே கேட்கிறார். முதலில் சொல்லப்பட்ட தொகைக்கே தலையாட்டிவிடுகிறார். ஒரு பருவத்தின் விலையைக் கேட்க உட்காருபவர் நிமிர்ந்து கேட்கிறார், கிடைக்காவிட்டால் மனம் உடையாமல் எழுந்து வருகிறார்.

இந்த இடத்தில் எல்லாரும் சொல்லும் அறிவுரை ஒன்று இருக்கிறது: உள்ளே இருந்தால் பத்து சதவீதம், வெளியே போனால் முப்பது, அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இரு. கணக்கு சரிதான். இருக்கிறவருக்குக் குறைவாகவும் வருகிறவருக்கு அதிகமாகவும் தரும் வழக்கத்தை ஏற்படுத்தியவை நிறுவனங்கள். அதைப் பயன்படுத்திக்கொள்ளும் ஊழியரிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேச அவற்றுக்கு உரிமை குறைவு. தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியடை ஒரு பக்கம் எழுதிவைத்துவிட்டு, ஆட்குறைப்பு என்று வந்தால் அன்று மாலைக்குள் மடிக்கணினியை வாங்கிக்கொள்ளும் இடங்களில் விசுவாசம் என்பது ஒருவழிப் பாதை. மாறுவதில் தவறில்லை.

ஆனாலும் அந்த அறிவுரை ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. மழைக்காலம் வருமுன் ஊரைவிட்டுப் போகும் கொத்தனாருக்குத் தான் போட்ட தளம் ஒழுகுமா என்பது கடைசிவரை தெரியாது. பதினெட்டு மாதத்துக்கு ஒரு முறை இடம் மாறுபவர் நூறு முடிவுகளை எடுத்திருப்பார். அவற்றில் எது சரி, எது பிழை என்று காலம் சொல்லும்போது அவர் அங்கே இருந்திருக்க மாட்டார். தான் அமைத்த டேபிள் பத்து லட்சம் வரிசைகளில் சுகமாக ஓடி, பத்துக் கோடியில் மூச்சுத் திணறுவதைப் பார்த்தவருக்கு வரும் அறிவு எந்தச் சான்றிதழிலும் கிடைப்பதில்லை. தன் முடிவின் விளைவோடு சில காலம் கூடவே வாழ்ந்தவரிடம்தான் நாம் அனுபவம் என்று சொல்வது இருக்கிறது. மற்றவர்களிடம் ஆண்டுகள் இருக்கின்றன. இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது: ஒரே இடத்தில் பன்னிரண்டு ஆண்டு இருந்தவர்கள் எல்லாரும் ஆழத்துக்காக இருந்தவர்கள் அல்லர். ஐந்தாண்டு முடிந்தால் கிராஜுவிட்டி என்று தொடங்கி, குழந்தையின் பள்ளி, பழகிய கேப் வழித்தடம், புதிய இடத்தில் தேர்வு எழுத வேண்டிய அச்சம் என்று ஒவ்வொரு காரணமாகச் சேர்த்து, பயத்துக்கு நிதானம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. இருப்பதோ போவதோ அதனளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. விளைவுகளுக்கு முகம் கொடுத்தோமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி ஊதியத்தோடு எப்படிச் சேர்கிறது? நம்மில் பலர் அறிந்த ஓர் இரவை நினைத்துப் பார்க்கலாம். இரண்டு மணி. வங்கியின் நாள்முடிவுக் கணக்கு ஓட வேண்டிய நேரம், பாதியில் நின்றுவிட்டது. அழைப்பில் பதினைந்து பேர். ஒவ்வொரு குழுவாகக் கேட்கப்படுகிறது. "டேட்டாபேஸ் நார்மல்தாங்க." "நெட்வொர்க்ல ஒண்ணும் தெரியல." "எங்க பக்கம் எல்லாம் கிரீன்." கிளையண்ட் பக்கம் இருப்பவர் பேசவில்லை; அவர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கிறது. அப்போது யாரோ ஒருவர் மைக்கைத் திறந்து, "நேத்து சாயங்காலம் நான் போட்ட மாற்றம்தான்னு நினைக்கிறேன். டைம்அவுட்டை முப்பது செகண்ட்ல இருந்து மூணாக் குறைச்சேன். திரும்ப எடுத்துடறேன், பத்து நிமிஷம் கொடுங்க" என்கிறார். அதுவரை பேசியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பக்கம் உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது. என்றாலும் அந்த இரவில் கிளையண்ட் காதுக்கு ஒரு குரல்தான் மனிதக் குரலாகக் கேட்டிருக்கும். அடுத்த திட்டத்துக்கு ஆள் கேட்கும்போது அவர் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார் என்பதையும் நாம் அறிவோம்.

தொடக்க ஆண்டுகளில் சம்பளம் செய்கைக்குத் தரப்படுகிறது: இத்தனை டிக்கெட், இத்தனை திரை, இத்தனை மணி நேரம். ஏணியின் மேல்படிகளில் அது வேறொன்றுக்குத் தரப்படுகிறது. அங்கே நிறுவனம் வாங்குவது, ஒரு விஷயம் இவரிடம் போனால் இனி அதைப் பற்றி நான் கவலைப்பட வேண்டாம் என்ற நிம்மதியை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிவிட்டது. நிரலை எழுதித் தர இயந்திரம் வந்துவிட்டது. அது எழுதும் வேகத்தோடு நம் விரல்கள் போட்டியிட முடியாது. ஆனால் அது எழுதிய வரியால் ஒரு முதியவரின் ஓய்வூதியம் தவறான கணக்குக்குப் போனால் இயந்திரத்தைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. அந்த வரிக்குக் கீழே ஒரு மனிதர் கையெழுத்திட்டே ஆக வேண்டும். எழுதும் வேலை மலிய மலிய, எழுதப்பட்டதற்குப் பொறுப்பேற்கும் வேலை அருமையாகிக்கொண்டு வருகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இருபத்தைந்து வயதில் இருப்பவர் எந்த மொழியைக் கற்பது, எந்தக் கருவியைப் பிடிப்பது என்று கேட்கும்போது, எதற்குப் பொறுப்பேற்கும் அளவுக்கு எதை ஆழமாகத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் இது.

பொறுப்பு என்றால் கூடுதலாகச் சுமப்பது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இரவெல்லாம் விழித்தவர், விடுப்பு எடுக்காதவர், சொன்னதற்கெல்லாம் சரி என்றவர் பொறுப்பானவர் என்று பெயர் வாங்குகிறார். ஆனால் பொறுப்பின் கடினமான பகுதி சுமப்பதில் இல்லை, மறுப்பதில் இருக்கிறது. மூன்று மாத வேலைக்கு ஐந்து வாரத்தில் தேதி குறித்துக் கிளையண்டிடம் வாக்குக் கொடுத்துவிட்டு மேலாளர் வருகிறார். அறையில் ஆறு பேர். ஆறு பேருக்கும் முடியாது என்று தெரியும். அங்கே நிலவும் மௌனத்துக்குச் சம்மதம் என்று பெயர் எழுதப்பட்டு, ஸ்பிரிண்ட் பலகையில் கட்டங்கள் நிரப்பப்படுகின்றன. சோதனைக்கு ஒதுக்கிய நாட்கள் முதலில் காணாமல் போகின்றன. முடியாது என்பதை அறிந்தும் சொல்லாதிருந்தவர், பின்னால் எத்தனை இரவு கண்விழித்து உழைத்தாலும், முதலில் செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று காட்ட ஒரு நிகழ்வு இருக்கிறது. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

பிரிட்டனின் அஞ்சலக நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை நிறுவியது. புஜித்சு அதைப் பராமரித்தது. கிளையில் பணம் குறைகிறது என்று திரை காட்டியபோதெல்லாம் கிளையை நடத்தியவர்தான் எடுத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. 2015 வரையிலான ஆண்டுகளில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் ஆக்கப்பட்டனர். வீட்டை விற்று இல்லாத கடனை அடைத்தவர்கள், திவாலானவர்கள், சிறை சென்றவர்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். 2010-ல் கருவுற்றிருந்த ஒரு பெண் சிறைக்கு அனுப்பப்பட்டார். தண்டனை அறிவிக்கப்பட்ட அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். கணினி காட்டும் கணக்கு பிழையாக இருக்காது என்ற நம்பிக்கையே அவர்களுக்கு எதிரான சாட்சியாக நின்றது. 2019 டிசம்பரில்தான் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் அந்த மென்பொருளில் பிழைகளும் குறைகளும் இருந்தன என்று தீர்ப்பளித்தது. 2024-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அந்தத் தண்டனைகளில் பலவற்றைக் கூட்டாக நீக்கியது.

நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் இதில் கவனிக்க வேண்டிய அறை ஒன்று உண்டு. புஜித்சுவில் மூன்றாம் நிலை ஆதரவுக் குழு ஒன்று இயங்கியது. நாம் எல்3 என்று சொல்லும் அதே வேலை. பிழைகள் அங்கே பதிவாயின. கிளைக் கணக்கை அங்கிருந்தே மாற்ற முடியும் என்பதும் அங்கே தெரிந்திருந்தது. வெளியிலோ, அப்படி மாற்ற வழியே இல்லை என்று அஞ்சலக நிறுவனம் சொல்லிவந்தது. 2001 முதல் 2004 வரை அந்தக் குழுவில் இருந்த ரிச்சர்ட் ரோல், 2015-ல் பிபிசி நிகழ்ச்சியில் தோன்றி நடந்ததைச் சொன்னார். பின்பு நீதிமன்றத்திலும் சாட்சியம் அளித்தார். அவர் பேசியிராவிட்டால் கிளைக்காரர்களின் வழக்கு எவ்வளவு பலவீனமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அந்த அறையில் இருந்தவர்களைக் கொடியவர்கள் என்று என்னால் எண்ண முடியவில்லை. காலையில் வந்தார்கள், வரிசையில் இருந்த டிக்கெட்டை எடுத்தார்கள், சரிசெய்தார்கள், மூடினார்கள், வீட்டுக்குப் போனார்கள். நாமும் அதைத்தான் செய்கிறோம். மூடப்பட்ட டிக்கெட்டின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் வேலை யாருடைய பணிவிவரத்திலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

இப்படிக் கேட்பதற்கும் மறுப்பதற்கும் நல்ல மனம் மட்டும் போதும் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். அது போதாது. மறுப்புக்கு ஒரு பொருளாதாரம் இருக்கிறது. மேடவாக்கத்தில் வாங்கிய ஃப்ளாட்டுக்கு இருபது ஆண்டு ஈஎம்ஐ, காருக்கு ஐந்து ஆண்டு, குழந்தையின் பள்ளிக்கட்டணம் கிரெடிட் கார்டில் என்று ஒன்றாம் தேதி வந்த சம்பளம் ஐந்தாம் தேதிக்குள் பங்கு போட்டு முடியும் வீட்டில், ஒரு மாத இடைவெளி என்பது நினைத்துப் பார்க்கவே முடியாத ஒன்று. அந்த வீட்டுக்காரர் ஆறு பேர் அறையில் வாய் திறப்பாரா? ஹைக் வந்ததும் செலவை அதே அளவுக்கு உயர்த்திக்கொள்ளும் நம் பழக்கம் பணத்தை வீணாக்குகிறது என்று பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு உயர்வையும் புதிய கடமையாக மாற்றிவிடும்போது, மறுக்கும் வலிமையை நாமே அடகு வைத்துவிடுகிறோம். நாற்பது லட்சம் வாங்கி ஒரு மாத இடைவெளியைத் தாங்க முடியாதவரைவிட, பதினைந்து லட்சம் வாங்கி ஓராண்டைத் தாங்கக்கூடியவர் அந்த அறையில் உயரமாக உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளின் நிலையும் இதுதான். டாலரில் வரும் தொகை பெரியது. ஆனால் வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வழி காண வேண்டும் என்ற கெடு, ஒவ்வொரு கூட்டத்திலும் அவர்கள் தொண்டையில் கைவைத்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் குறைந்த சம்பளத்தில் நிறைவு காணுங்கள் என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, கல்விக் கடனோடும் அப்பாவின் மருத்துவச் செலவோடும் திருமணமாகாத அக்காவோடும் வேலைக்கு வரும் பிள்ளைக்கு, ஓரிடத்தில் நின்று ஆழம் காண் என்று உபதேசம் செய்வது வயிறு நிறைந்தவரின் பேச்சு. அவர் மூன்று முறை மாறட்டும், கிடைக்கும் மிக உயர்ந்த தொகையைத் தயங்காமல் கேட்டு வாங்கட்டும். அவருக்கு அந்தப் பணமே சுதந்திரம். வட்டிக்காரர் வாசலுக்கு வராத முதல் மாதம்தான் அவர் தன் வாழ்வில் முதன்முதலாகச் சுதந்திரமாகச் சிந்திக்கும் மாதம். என் கவலையெல்லாம் அந்த வாசலைக் கடந்த பிறகும் துரத்தப்படுபவர்போல ஓடிக்கொண்டிருக்கும் நம்மைப் பற்றியது.

ஒருவர் தன் உழைப்பின் விலையைச் சந்தையிடம் கேட்கும்போது அந்தக் கேள்விக்குள் வேறு இரண்டு கேள்விகளும் அடங்கியிருக்கின்றன: எந்த விளைவுகளுக்கு முகம் கொடுக்க அவர் ஆயத்தமாக இருக்கிறார், எந்த இடத்தில் இதற்கு மேல் வரமாட்டேன் என்று நிற்க அவரால் முடியும். முதலாவது இல்லாதவரின் ஊதியம் பருவக் காற்றோடு ஏறி, காற்றோடு இறங்கும். இரண்டாவது இல்லாதவரின் ஊதியம் எவ்வளவு உயர்ந்தாலும், அந்த உயர்வே அவரை அசையவிடாத கயிறாக முறுக்கேறி, தனக்குத் தெரிந்த உண்மையைத் தன் வாயாலேயே சொல்ல முடியாத நாளில் கொண்டுவந்து நிறுத்தும். இரண்டும் தனித்தனிப் பண்புகளும் அல்ல. விளைவைப் பார்த்தவருக்கே எதை மறுக்க வேண்டும் என்று தெரிகிறது, மறுக்க முடிந்தவரிடமே பிறர் தங்கள் பணத்தையும் பயணத்தையும் உயிரையும் ஒப்படைக்கத் துணிகிறார்கள். எதற்கும் சரி என்று சொல்பவரின் 'சரி'யை நம்பி விமானத்தின் கட்டுப்பாட்டையோ மருத்துவமனையின் மருந்தளவையோ யாரும் ஒப்படைக்க முடியாது. ஆகவே உயர்ந்த ஊதியத்தின் முதல் பயன் உயர்ந்த வீடோ உயர்ந்த காரோ ஆவதற்கு முன்பு, அதை ஈட்டித் தரும் நேர்மையைப் பாதுகாக்கும் அரணாக அது கொஞ்ச காலம் வங்கியில் இருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

அப்படி மறுத்தவருக்கு உடனே பலன் கிடைத்துவிடும் என்று ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஐந்து வாரத்தில் முடியாது, காரணங்கள் இவை, எந்தப் பகுதியை ஐந்து வாரத்தில் தர முடியும் என்று எழுதிக் கொடுத்தவருக்கு அந்த ஆண்டு ரேட்டிங் குறையலாம். பெல் கர்வின் கீழ்ப்பகுதியில் யாரையாவது வைத்தே தீர வேண்டும் என்ற இடத்தில் ஒத்துப்போகாதவர் பெயர் முதலில் நினைவுக்கு வரும். இரண்டு ஆண்டு அதன் வலியைத் தாங்க வேண்டியும் வரலாம். இன்னொரு புறம், மிக உயர்ந்த சம்பளம் தரும் நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுகளில், நிரல் சுற்றுகளைத் தவிரப் பெரும்பாலும் வரும் கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் மேலாளரோடு நீங்கள் கருத்து மாறுபட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள், என்ன செய்தீர்கள், முடிவு என்ன ஆனது. அமேசான் போன்ற நிறுவனம், முதுகெலும்போடு மறுத்துப் பேச வேண்டும், முடிவான பின் முழுமையாக ஈடுபட வேண்டும் என்ற பொருளில் ஒரு கொள்கையையே எழுதி வைத்து அதன்படி ஆளை எடைபோடுகிறது. இதற்கான விடைகளை யூடியூபில் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் இரண்டாவது கேள்வியாக, "அப்ப உங்க மேனேஜர் என்ன சொன்னார்?" என்றும், மூன்றாவதாக, "அந்த எஸ்டிமேட்டை எப்படிப் போட்டீங்க?" என்றும் உள்ளே இறங்க இறங்க, மனப்பாடம் அங்கங்கே அறுந்துவிடுகிறது. உண்மையிலேயே அந்த அறையில் வாய் திறந்து, அதன் விலையையும் கொடுத்தவரிடம் அந்தக் கேள்விக்கு அரை மணி நேரத்துக்கான விடை இருக்கிறது. தேதியோடும், போட்ட கணக்கோடும், தான் எங்கே தவறாகக் கணித்தோம் என்பதோடும் அவர் அதைச் சொல்கிறார்.